அடுப்புப் புகையும் பச்சிளம் நுரையீரலும்

2018 மே முதல் 2020 பிப்ரவரி வரை நான்கு நாடுகளின் கிராமங்களில் 3,200 கர்ப்பிணிகள் ஒரே ஆய்வில் சேர்ந்தார்கள். குவாத்தமாலாவின் ஹலாபா மலைப்பகுதி, பெருவில் டிட்டிகாகா ஏரியை ஒட்டிய பூனோ, ருவாண்டாவின் கிழக்கு மாகாணம், தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிகள் என நாட்டுக்குச் சுமார் 800 பேர். எல்லாருமே விறகு, சுள்ளி, வறட்டி போன்றவற்றை எரித்துச் சமைத்தவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பு கொடுக்கப்பட்டது. 18 மாதங்களுக்கு வேண்டிய எரிவாயு இலவசமாக வீட்டுக்கே வந்து சேர்ந்தது. மீதிப் பேர் வழக்கம்போல விறகடுப்பில் சமைத்தார்கள். ஹேப்பின் என்று அழைக்கப்படும் இந்த ஆய்வை எமரி பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிளாசன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் செக்லி, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் பீல் ஆகியோர் வழிநடத்தினர். தமிழ்நாட்டுப் பணியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு மேற்கொண்டது.

கேட்கப்பட்ட கேள்விகள் எளியவை. கருவுற்றிருக்கும்போதே தாயின் அடுப்பிலிருந்து புகையை நீக்கினால் பிள்ளை எடை கூடிப் பிறக்குமா? பிறந்த முதல் ஆண்டில் கடும் நிமோனியா குறையுமா?

புகை குறைந்தது, அதில் ஐயமே இல்லை. பெண்கள் உடலில் அணிந்திருந்த கருவிகள், அவர்கள் சுவாசித்த காற்றிலுள்ள நுண்துகள்களை, அதாவது பி.எம் 2.5 எனப்படும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களை, அளந்தன. விறகடுப்புக் குழுவில் ஒரு கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம் என்று இருந்த இடைநிலை அளவு கேஸ் குழுவில் 23.9 ஆக இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு புகை விலகியிருக்கிறது. இதற்கு முன் நடந்த அடுப்பு ஆய்வுகள் பலவற்றில் இந்த அளவுக்குப் புகை குறைந்ததில்லை.

ஆனால் 2022-இல் வெளியான முதல் முடிவு ஏமாற்றம் தந்தது. கேஸ் குழுவில் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2,921 கிராம். விறகுக் குழுவில் 2,898 கிராம். அந்தச் சிறு வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். 2024-இல் நிமோனியா முடிவு வந்தது. நூறு குழந்தைகளை ஓராண்டு கவனித்தால் கேஸ் குழுவில் 5.67 கடும் நிமோனியா, விறகுக் குழுவில் 6.06. இதுவும் கணக்கில் நிற்காத வேறுபாடுதான். குழந்தைகளின் உயர வளர்ச்சியிலும் ஆதாயம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, அடுப்புப் புகை குழந்தைக்குப் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை என்று சிலர் முடிவுகட்டக்கூடும். ஆய்வில்தான் ஏதோ கோளாறு என்று வேறு சிலர் தள்ளிவிடக்கூடும். இரண்டும் தவறு. மிகுந்த கவனத்துடன் செய்யப்பட்ட நல்ல ஆய்வு இது. அதன் எண்களை அப்படியே ஏற்க வேண்டும். அந்த எண்களைப் பிற ஆய்வுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் செய்தி ஒன்றுதான்: கருவுற்ற சில மாதங்களுக்குப் பின் ஒரு வீட்டின் அடுப்பை மட்டும் மாற்றுவது காலம் கடந்த உதவி, அரைகுறையான உதவியும்கூட. தூய காற்று அதற்கு முன்பே, அந்த வீட்டைத் தாண்டியும், இருந்தாக வேண்டும்.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது

ஹேப்பின் ஆய்வாளர்கள் வெறும் நம்பிக்கையில் இறங்கியவர்கள் அல்லர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் உயிருடன் பிறந்த 11,728 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வொன்று 2009-இல் வெளியானது. அந்த வீடுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் விறகோ சாணமோ எரித்தவை. அப்படிப்பட்ட வீடுகளில் குறைந்த எடையுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 49 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சுவாச நோய்கள் 34 விழுக்காடும், ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 21 விழுக்காடும் கூடுதல்.

அதன்பின் ஸ்ரீ ராமச்சந்திரா குழுவே சென்னையிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைவதாக 2018-இல் அறிவித்தது. தனிக் குழந்தைக்கு 4 கிராம் ஒன்றுமே இல்லை. ஒரு மாவட்டத்தின் எல்லாக் குழந்தைகளும் பல பத்து மைக்ரோகிராம் புகையில் வளரும்போது, இரண்டரைக் கிலோ என்ற எல்லைக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களில் பலர் கீழே நழுவிவிடுவார்கள்.

இத்தகைய கவனிப்பு ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. விறகு எரிக்கும் வீடு பெரும்பாலும் ஏழை வீடு. அங்கே தாய்க்கு இரத்தசோகை இருக்கலாம், சாப்பாடு குறைவாக இருக்கலாம், மருத்துவமனை தொலைவில் இருக்கலாம். புள்ளியியல் முறைகளால் இவற்றை ஓரளவு கழித்துப் பார்க்கலாம். முழுவதும் கழிக்க முடியாது. புகையின் கணக்கில் எழுதப்பட்ட தீங்கில் ஒரு பங்கு வறுமையின் தீங்காக இருந்திருக்கலாம். அதைப் பிரித்தறியத்தான் குலுக்கல் முறை ஆய்வு தேவைப்பட்டது. ஹேப்பின் முடிவு முதலில் சொல்வதும் இதையே: ஏழ்மை செய்யும் கேட்டைக் கேஸ் அடுப்பு ஒன்றே ஈடுகட்டிவிடாது.

கருவில் நுரையீரல் உருவாகும் முறை

புகையின் பங்கை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. ஏன் என்பதற்குக் கருவின் உடலியலைப் பார்க்க வேண்டும்.

கருவின் நான்காவது வாரத்தில் முன்குடலிலிருந்து ஒரு சிறு மொட்டு கிளம்புகிறது. அது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் பிரிந்து, மரம் கிளைவிடுவதுபோல் விரிகிறது. ஏறத்தாழ 17-ஆவது வாரத்துக்குள் காற்று செல்லும் குழாய்களின் கிளைப்பிரிவு முடிந்துவிடுகிறது. குழாய்கள் அதன்பின் நீளும், அகலும். புதிய கிளைகள் பெரும்பாலும் வருவதில்லை. அடுத்த பத்து வாரங்களில் இரத்த நுண்குழாய்கள் நெருங்கி வருகின்றன. 24-ஆவது வாரத்தையொட்டி, மூச்சு வெளியேறும்போது நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் வழவழப்புப் பொருள் சுரக்கத் தொடங்குகிறது. ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கும் காற்று நுண்ணறைகள் கடைசி மாதத்தில் பெருகத் தொடங்கி, பிறந்தபின் சில ஆண்டுகள்வரை பெருகிக்கொண்டே இருக்கின்றன.

இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் இடையூறு வருகிறதோ அந்தக் கட்டத்தின் வேலை குறைபடும். முதல் நான்கு மாதத்தில் வந்தால் காற்றுக்குழாய்களின் அமைப்பு பாதிக்கப்படலாம்; கடைசி மாதங்களில் வந்தால் குறைப்பிரசவம், எடைக்குறைவு, சர்ஃபாக்டன்ட் போதாமை என்ற வழியில் பாதிப்பு வரலாம்.

தாய் சுவாசித்த புகை கருவை எப்படி எட்டுகிறது? கார்பன் மோனாக்சைடுக்கு வழி எளிது. அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் இரத்தத்தில் சேர்ந்து, ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. தாயின் உடலைவிட்டு நீங்கிய பின்னும் கருவில் அதிக நேரம் தங்குகிறது. நுண்துகள்கள் தாயின் நுரையீரலில் அழற்சியை உண்டாக்குகின்றன. அந்த அழற்சியின் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டத்தைக் குலைக்கலாம்.

துகள்களே நேராகக் கருவை அடைகின்றனவா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. பெல்ஜியத்தின் ஹாசல்ட் பல்கலைக்கழகத்தில் டிம் நாவ்ரோட் தலைமையிலான குழு 2019-இல் அதற்கு விடை கண்டது. நஞ்சுக்கொடியின் கருப்பக்கத் திசுவில் கரித்துகள்கள் இருந்தன. அதிகமாக மாசு சுவாசித்த தாய்மாரிடம் அதிகமாக இருந்தன. அதே குழு ஸ்காட்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், கருவின் கல்லீரல், மூளை, நுரையீரல் ஆகியவற்றிலும் கரித்துகள்கள் காணப்பட்டன. முதல் மூன்று மாதக் கருக்களிலேயே அவை இருந்தன. முதல் மூச்சை இழுப்பதற்கு ஆறு மாதம் முன்பே ஒரு நுரையீரலில் கரி படிந்திருக்கிறது.

காலம் கடந்த உதவி

இப்போது ஹேப்பின் ஆய்வுக்குத் திரும்புவோம். அதில் சேர்க்கப்பட்ட பெண்கள் 9 முதல் 20 வாரக் கர்ப்பிணிகள். ஸ்கேன் எடுத்து, ஒப்புதல் பெற்று, குலுக்கிப் போட்டு, அடுப்பு பொருத்துவதற்குள் மேலும் நாள்கள் போகும். பலருக்கும் கேஸ் அடுப்பு எரியத் தொடங்கியபோது கருவின் காற்றுக்குழாய்கள் கிளைவிட்டு முடியும் தறுவாயில் இருந்தன அல்லது முடித்துவிட்டன. அதுவரை அந்தக் கரு விறகுப் புகையில்தான் வளர்ந்தது.

ஆய்வாளர்களுக்கு இதில் வேறு வழியில்லை. கருவுற்றது உறுதியான பிறகே ஒருவரைக் கர்ப்பிணி ஆய்வில் சேர்க்க முடியும். நமக்கோ அந்தக் கட்டுப்பாடு கிடையாது. திருமணமாகி வரும் பெண்ணின் சமையலறையில் முதல் நாளிலிருந்தே புகை இல்லாமல் செய்ய அரசால் முடியும்.

காலம் ஒரு காரணம் என்பதற்குச் சான்று கானாவிலிருந்து வருகிறது. அங்கே கிண்டம்போ பகுதியில் 1,414 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த ஆய்விலும் கேஸ் அடுப்பு கொடுத்த குழுவுக்கும் கொடுக்காத குழுவுக்கும் பிறப்பு எடையிலோ நிமோனியாவிலோ வேறுபாடு தெரியவில்லை. ஆனால் எந்தக் குழு என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தாயும் உண்மையில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு சுவாசித்தாள் என்று பார்த்தபோது வேறு படம் கிடைத்தது. கர்ப்பகாலச் சராசரி பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடினால், முதல் ஆண்டில் குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு 10 விழுக்காடும், கடும் நிமோனியா வரும் வாய்ப்பு 15 விழுக்காடும் கூடின. பிறந்தபின் குழந்தை நேரடியாகச் சுவாசித்த அளவுக்கு அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவில் பார்ல் நகரை ஒட்டிய ட்ராகன்ஸ்டைன் ஆய்விலும், முதல் ஆண்டுச் சுவாசத் தொற்றோடு பிறப்புக்கு முந்தைய துகள் மாசுதான் தொடர்பு கொண்டிருந்தது.

கானா ஆய்வில் ஒரு மாதக் குழந்தைகள் தூங்கும்போது அவர்களுடைய மூச்சும் அளக்கப்பட்டது. கருவில் அதிகப் புகை எட்டிய குழந்தைகள் வேகமாக மூச்சுவிட்டார்கள். மூச்சை வெளிவிடும் போக்கிலும் காற்றுவழி குறுகலின் அடையாளம் இருந்தது. பெண் குழந்தைகளிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. விறகடுப்பே இல்லாத சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலும் இதையொத்த முடிவு 2009-இல் வந்தது. ஐந்து வாரக் குழந்தைகள் 241 பேரை அங்கே ஆராய்ந்தார்கள். கர்ப்பகாலத்தில் தாய் சுவாசித்த துகள் கூடக்கூட, குழந்தை ஒரு நிமிடத்தில் இழுத்துவிட வேண்டிய காற்றின் அளவும் கூடியது. முழு மாதம் நிறைந்து பிறந்த நலமான குழந்தைகள் அவர்கள். நம் ஊரோடு ஒப்பிட்டால் மிகத் தூய காற்று அது.

கடும் நிமோனியா என்பது மருத்துவமனைக்கு வந்து சேரும் நோய். நுரையீரலின் சிறிய குறைபாடுகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஹேப்பின் குழந்தைகளில் பலரின் முதல் ஆண்டு கொரோனா காலத்தில் அமைந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; கூட்டம் குறைந்து முகக்கவசம் பரவிய அந்த மாதங்களில் வழக்கமான சுவாசத் தொற்றுகள் பல நாடுகளில் சரிந்திருந்தன.

அரைகுறையான உதவி

கேஸ் குழுப் பெண்கள் சுவாசித்த 23.9 மைக்ரோகிராமை மீண்டும் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு அளவு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு மாசைத்தான் ஆய்வின் மிகத் தூய சமையலறைப் பெண்களும் சுவாசித்தார்கள். அவர்கள் வீட்டில் புகை இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது, தெருவில் இருந்தது, வயல் ஓரத்தில் இருந்தது.

துகள் மாசின் தீங்கு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை என்பது அடுப்புப் புகை ஆய்வாளர் மறைந்த கர்க் ஸ்மித் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் சொல்லிவந்த கருத்து. குறைந்த அளவுகளில் தீங்கு செங்குத்தாக ஏறுகிறது; அளவு மிகக் கூடிய பிறகு ஏற்றம் மட்டுப்படுகிறது. ஆகவே 70-இலிருந்து 24-க்கு இறங்குவது பெரிய இறக்கமாகத் தெரிந்தாலும், பெரும்பயன் கிடைப்பது 24-இலிருந்து 5-ஐ நோக்கி இறங்கும்போதுதான். ஸ்மித் இதைத் தம் பணியிலேயே கண்டவர். குவாத்தமாலாவின் சான் மார்கோஸ் மலைப்பகுதியில் 534 வீடுகளில் புகைபோக்கி அடுப்பைச் சோதித்த அவருடைய ஆய்வு 2011-இல் வெளியானது. எல்லா நிமோனியாவையும் சேர்த்தால் பயன் உறுதிப்படவில்லை. கடும் நிமோனியா மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. புகைபோக்கி சமையலறைப் புகையை வெளியே தள்ளியது; அந்த வெளியும் குழந்தை சுவாசிக்கும் இடம்தான்.

ஒரு வட்டாரத்தின் காற்று முழுவதுமே மாறும்போது என்ன நடக்கிறது என்பதைச் சில நிகழ்வுகள் காட்டியிருக்கின்றன. 2008 ஒலிம்பிக் போட்டிக்காகப் பெய்ஜிங் நகரம் ஆலைகளையும் வாகனங்களையும் சில வாரங்கள் கட்டுப்படுத்தியது. எட்டாம் மாதக் கர்ப்பம் அந்த நாள்களில் அமைந்த தாய்மாரின் குழந்தைகள், முன்னும் பின்னுமான ஆண்டுகளின் அதே நாள்களோடு ஒப்பிடும்போது சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தார்கள். அமெரிக்காவில் சுங்கச்சாவடிகளில் மின்னணுக் கட்டண முறை வந்து வண்டிகள் நின்று புகைவது குறைந்ததும், இரண்டு கிலோமீட்டருக்குள் வாழ்ந்த தாய்மாரிடையே குறைப்பிரசவம் சுமார் 11 விழுக்காடு குறைந்தது. இதற்கு நேர்மாறான நிகழ்வு 1997-இல் இந்தோனேசியக் காட்டுத்தீ. அந்தப் புகையால் கருவிலும் பிஞ்சுப் பருவத்திலும் 15,600 உயிர்கள் இழக்கப்பட்டதாகப் பொருளியலாளர் சீமா ஜெயச்சந்திரன் கணக்கிட்டார். பிறப்புக்கு முந்தைய பாதிப்பே அதில் முதன்மையானது என்பதும் அவர் கண்டது.

நம் ஊரில் செய்யக்கூடியவை

கேஸ் அடுப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றின்படி இங்கே ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் தூய எரிபொருளில் சமைக்கின்றன. ஆனால் கேஸ் இருக்கும் வீட்டிலும் விறகு முழுதாகப் போய்விடுவதில்லை. குளிக்க வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், மாதக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்தால் சோறு வடிக்கவும் சீமைக் கருவேல விறகும் தென்னை மட்டையும் எரிகின்றன. ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற குடும்பங்கள் 2019–20-இல் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று சிலிண்டர்தான் வாங்கின என்பது அரசே தந்த கணக்கு. ஹேப்பின் ஆய்வின் கேஸ் குழுவில் விறகடுப்பு ஏறக்குறைய முற்றிலும் கைவிடப்பட்டது. காரணம், அங்கே சிலிண்டருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விறகைத் தேடுவது அறியாமையால் என்று இனி யாரும் சொல்லக் கூடாது. விலைதான் அந்தப் பெண்களை விறகுக்குத் திருப்பியனுப்புகிறது.

ஆகவே முதல் வேலை, மறுசிலிண்டரின் விலையை ஏழைக் குடும்பத்துக்கு எட்டச் செய்வது. புதிதாகத் திருமணமான பெண் இருக்கும் வீடு, கர்ப்பிணி இருக்கும் வீடு, கைக்குழந்தை இருக்கும் வீடு ஆகியவற்றுக்குக் கூடுதல் மானியம் தருவது நியாயம். தமிழ்நாட்டில் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவுசெய்யும் முறை நன்கு வேரூன்றியிருக்கிறது. அந்தப் பதிவில் இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றோடு வீட்டில் எது எரிகிறது என்பதையும் கிராம சுகாதாரச் செவிலியர் குறித்துக்கொண்டால், உதவி தேவைப்படும் வீடு எது என்று அன்றே தெரிந்துவிடும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். கடைசி மாதங்களும் குழந்தையின் முதல் மாதங்களும் அங்கே கழிவதால் அந்த வீட்டு அடுப்பையும் கேட்டறிய வேண்டும்.

குடும்பத்துக்குள் செய்யக்கூடியவையும் உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதைத் தாத்தா பாட்டிகள் அன்போடுதான் செய்கிறார்கள். துண்டால் தலையை நன்கு துவட்டினால் ஈரம் போய்விடும். புகையின் துகள்கள் நுரையீரலுக்குள்தான் போகும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு நிகரான நுண்துகளை விடுகிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலை போதும். பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்கள் திண்ணைக்குப் போவது போதாது. கர்ப்பம் உறுதியான நாளே விட்டுவிடுவது நல்லது.

எந்தக் கர்ப்பிணியாலும் தனியே செய்ய முடியாத வேலை அரசுக்கு உரியது. நுண்துகளுக்கு இந்தியா 2009-இல் வகுத்த ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவைப்போல அது எட்டு மடங்கு. எண்ணூரின் அனல்மின் நிலையங்கள், பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேடுகள், செங்கல் சூளைகள், டீசல் வண்டிகள் ஆகியவற்றின் புகை சமையலறைக் கதவைச் சாத்துவதால் நிற்காது. அந்த வரம்பை இறக்கி எழுதி, எழுதியதை நடைமுறைப்படுத்த வேண்டும். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் இலவசத் திட்டத்தில் இருக்கிறது. ஒரு தவணையும் தவறக் கூடாது. தாயின் இரத்தசோகைக்கு மருந்தும் சத்தான உணவும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். வறுமை செய்யும் பங்கைச் சரிசெய்யும் வழி அதுதான்.

கேஸ் அடுப்பால் பயனில்லை என்று ஹேப்பின் முடிவைச் சுருக்குவது அந்தப் பெண்களுக்கு இழைக்கும் அநீதி. கண் எரிச்சல் நீங்குவது, விறகு சுமக்கும் நேரம் மிஞ்சுவது, சமைப்பவரின் சொந்த நுரையீரல் தப்புவது ஆகியவையே அதைக் கொடுக்கப் போதுமான காரணங்கள். குழந்தையின் நுரையீரலையும் காக்க வேண்டுமென்றால் அதைவிடக் கூடுதலாகச் செய்ய வேண்டும், முன்கூட்டியே செய்ய வேண்டும் என்பதுதான் 3,200 தாய்மார் நமக்குத் தந்த பாடம். 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 4,76,000 பச்சிளங்குழந்தைகளின் இறப்பு காற்று மாசோடு தொடர்புடையது என்று அடுத்த ஆண்டு வந்த உலகளாவிய காற்று நிலை அறிக்கை மதிப்பிட்டது. அவற்றில் 1,16,000-க்கு மேல் இந்தியாவில். கர்ப்பிணியின் காற்றை மகப்பேறு நலத் திட்டத்தின் ஓர் உறுப்பாக ஏற்று, இரும்புச்சத்து மாத்திரைக்கு நிகராக அதற்கும் நிதி ஒதுக்குவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.